கோடையை நோக்கி ஒரு ஏரியல்

எழுபதுகளில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் பெரும்பாலும் ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த டூ-இன்-ஒன் தான் கொண்டுவந்தார்கள். பாட்டுப் பைத்தியம் முற்றிய ஒன்றிரண்டு பேர்தான் அலுமினிய முகப்பும் விளக்கெரியும் டயலும் கொண்ட கனமான ‘செட்’டைச் சுமந்து வந்தார்கள். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், பாஸ்-ட்ரெபிள் திருகுகள், ரெக்கார்டு பிளேயரைச் சேர்க்கும் வசதி எல்லாம் ஒரே பெட்டியில். அதுதான் ஸ்டீரியோ ரிசீவர். பயனியர், மராண்ட்ஸ், சான்சுயி என்று பெயர் போட்ட அந்தப் பெட்டிகளைத் தேடி வாங்க இன்று உலகமெங்கும் ஆள் இருக்கிறது.

தேனி மாவட்டத்தில் அதைத் தேட இன்னொரு காரணமும் உண்டு: கோடைப் பண்பலை.

அகில இந்திய வானொலியின் கோடைக்கானல் நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கோடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். தேனி, கம்பம் சமவெளி அதில் கால்பங்குகூட இல்லை. தூர்தர்ஷன் காலத்தில் ஆன்டெனாவைக் கோடை பக்கம் திருப்பி வைத்த அதே தர்க்கம்தான் இங்கும். ஆனால் சுற்றிலும் மலை இருப்பதில் ஒரு தொல்லை. பாறைச் சரிவில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வருவதோடு கலந்து, ‘ஸ’கர ஒலிகளைக் கரகரப்பாக்கிவிடும். பழைய ரிசீவரில் முள் ஆடும் சிக்னல் மீட்டர் இருப்பதால், ஏரியலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நல்ல இடத்தைப் பிடிக்கலாம். பழைய டிவி ஆன்டெனாவின் தட்டை வயரில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ‘டி’ வடிவில் செய்துகொண்டாலே போதும்.

நிலையம் ஸ்டீரியோவில் ஒலிபரப்பினால், நிகழ்ச்சியோடு 19 கிலோஹெர்ட்ஸில் ஓர் அடையாள ஒலியும் சேர்ந்து வரும். செட் அதைப் பிடித்ததும் முகப்பில் ‘ஸ்டீரியோ’ விளக்கு எரியும். சிக்னல் மெலிந்து இரைச்சல் கூடினால் வெட்கப்படாமல் மோனோ பட்டனைத் தட்டலாம். இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும்.

ஸ்டீரியோவில் கேட்கத் தகுந்த பாட்டுக்கு இங்கே குறைவில்லை. இளையராஜாவின் சொந்த ஊரான பண்ணைப்புரம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அவருடைய முதல் படமான ‘அன்னக்கிளி’ 1976இல் வந்தது. 1978இல் வந்த ‘ப்ரியா’வின் பாடல்கள் ஸ்டீரியோ பதிவுக்காகவே பேசப்பட்டவை. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பை நல்ல செட்டில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டால் வயலின்கள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று சுட்டிக்காட்டலாம். திருவிழாவில் ரேடியோ செட்காரர் குழாய் கட்டிப் போட்டபோது இந்தப் பிரிவினை ஊருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை.

வாங்கும்போது முதலில் டயலைப் பார்க்க வேண்டும். ஜப்பானிலேயே விற்பதற்காகச் செய்யப்பட்ட செட் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் கோடைப் பண்பலை அதில் வராது. 88 முதல் 108 வரை இருப்பதே நமக்கு ஆகும். அடுத்து, பின்பக்கம். ஜப்பான் செட் 100 வோல்ட், அமெரிக்க செட் 120 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான். வோல்டேஜ் மாற்றும் வசதி கொண்ட ஏற்றுமதி மாடல் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும்.

வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், அது தூசியும் களிம்பும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். எந்நேரமும் ஹம் கேட்டால் மின்சப்ளைப் பகுதியின் கன்டென்சர்கள் காய்ந்திருக்கலாம். மாற்று கிடைக்கும். பாடாய்ப் படுத்துவது அந்த மாடலுக்கென்றே செய்த ஐசியோ டிரான்சிஸ்டரோ போவதுதான்.

வாட்டைப் பார்த்து மயங்குவது வீண். பயனியர் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-1980, பக்கத்துக்கு 270 வாட். எடை சுமார் 35 கிலோ. சேகரிப்பாளர்கள் அதற்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். அதே நிறுவனத்தின் 15 வாட் எஸ்எக்ஸ்-450 நம் வீட்டுக் கூடத்துக்குத் தாராளம்.

பரணில் அப்படி ஒரு செட் கிடந்தால் காயலான் கடைக்குப் போட வேண்டாம். ஆர்வத்தில் உடனே பிளக்கில் செருகவும் வேண்டாம். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய், 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு முதல் மின்சாரத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பித்துக்கொள்ளும்.