செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகில் வியூவர் மென்பொருள்: தேர்வும் பழுதறிதலும்

முன்னுரை

லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கிய செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகைக் களமாகக் கொள்ளும் ஆய்வாளர், தம் கணினியிலுள்ள வியூவர் மென்பொருள் வரைந்து தருவதையே காண்கிறார். எனவே மென்பொருள் தேர்வும் ஆய்வு முறையியலைச் சார்ந்ததே.

தேர்வு

2007இல் வியூவரின் மூலநிரல் வெளியிடப்பட்டது. பின்னர் ஃபயர்ஸ்டார்ம் முதலிய பிறர் ஆக்கிய வியூவர்களும் தோன்றின. பயனரின் கடவுச்சொல் இம்மென்பொருள் வழியே செல்வதால், லிண்டன் லேப் பட்டியலில் இடம்பெற்றவற்றையே தெரிவு செய்தல் வேண்டும்.

பழுதறிதல்

ஓர் உருவம் மேகமாகத் தோன்றினால், அதன் தோற்றத் தரவு இன்னும் வந்து சேரவில்லை என்பது பொருள். ஒரு மண்டலம் 256 மீட்டர் பக்கமுடைய சதுரம். காட்சித் தொலைவை 64 மீட்டராகக் குறைத்தவருக்கு அதன் மறுகோடியில் நிகழ்வன புலப்படாமற் போகலாம். கோளாறு நேர்ந்தால் முதலில் இணைய இணைப்பையும், அடுத்து வரைகலை இயக்கியையும் சோதிக்க வேண்டும். தற்காலிகச் சேமிப்பை அழித்தால் அனைத்தும் மீண்டும் பதிவிறங்க வேண்டியிருப்பதால் அதனை இறுதியில் செய்வதே நன்று. வேறொரு வியூவரிலும் அதே கோளாறு தோன்றுமாயின், காரணம் பெரும்பாலும் முதல் வியூவரன்று. கணினியிலோ இணைப்பிலோ வழங்கியிலோ அதனைத் தேடுதல் வேண்டும்.

முடிவுரை

வியூவரின் பெயர், பதிப்பு எண், காட்சித் தொலைவு ஆகியவற்றைக் களக்குறிப்பில் பதிதல் இன்றியமையாதது. இல்லையெனில், மென்பொருளின் குறை அச்சமூகத்தின் இயல்பாக ஆய்வேட்டில் இடம்பெற்றுவிடும்.