நோட்டீஸுக்கு முன்பே ஒரு கேள்வி

வருமான வரித்துறை பழைய கணக்கைத் திரும்பத் திறந்தால், முன்பெல்லாம் முதலில் வருவது 148ஆம் பிரிவு நோட்டீஸ்தான். வரிக்குத் தப்பிய வருமானம் இருப்பதாக அதிகாரி நம்புகிறார் என்று அதில் இருக்கும். ஏன் நம்புகிறார் என்பது இருக்காது. 2002இல் ஜி.கே.என். டிரைவ்ஷாஃப்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது: ரிட்டர்ன் போட்டுவிட்டுக் காரணத்தைக் கேட்கலாம், ஆட்சேபம் எழுதலாம், அதிகாரி அதற்குக் காரணம் காட்டி உத்தரவு போட்டாக வேண்டும். ஆனால் அதற்குள் வழக்கு தொடங்கிவிட்டிருக்கும். ஆடிட்டர் கோப்புகளைச் சுமந்து அலுவலகத்துக்கு நடையாய் நடப்பார்.

2021 ஏப்ரலில் வந்த 148ஏ பிரிவு இந்த வரிசையை மாற்றியது. கையில் உள்ள தகவலைக் காட்டி விளக்கம் கேட்ட பிறகே நோட்டீஸ். நல்ல மாற்றம் என்று தயங்காமல் சொல்வேன். கிராமத்து நிலத்தை விற்ற விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து கிரயத் தொகை பற்றிய தகவல் துறைக்குப் போய்விடுகிறது. அவரோ ரிட்டர்னே போடாதவர். நகராட்சி எல்லையிலிருந்து, அதன் மக்கள்தொகையைப் பொறுத்து, நேர்கோட்டில் 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அடங்கல், கிரயப் பத்திரம், தூரத்துக்குத் தாசில்தார் சான்று ஆகியவற்றை முதல் கேள்விக்கே இணைத்துவிட்டால், மேலே போகாமலே விவகாரம் முடிய வழி உண்டு.

காலக்கெடுவும் சுருங்கியது. முன்பு 1 லட்சம் ரூபாய் தப்பியிருந்தாலே 6 ஆண்டு வரை திறக்கலாம். 2024 செப்டம்பர் திருத்தத்துக்குப் பின், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்றேகால் ஆண்டு கடந்துவிட்டால், 50 லட்சத்துக்குக் குறைந்ததைத் தொட முடியாது.

அபராதம் அன்று, தப்பிய வரியில் 100 முதல் 300 சதவீதம். எவ்வளவு என்பது அதிகாரியின் கையில். 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் 50, பொய்யாகக் காட்டினால் 200. எந்த வகை என்று உத்தரவில் தெளிவாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வாதாடுவதற்கு வலுவான இடம் அதுதான். முதல் வகையென்றால், வரியையும் வட்டியையும் கட்டி, மேல்முறையீட்டைக் கைவிட்டு, அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் என்னை வருத்துகிறது. அன்று நோட்டீஸை ஆள் கொண்டுவந்து கொடுப்பார். வாங்க ஆளில்லாவிட்டால் கதவில் ஒட்டுவார்கள். இன்று அது மின்னஞ்சலிலும் இணையதளத்திலும் வருகிறது. பான் கார்டு எடுக்கும்போது யாரோ ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுத்தவருக்கு அந்த முதல் கேள்வி போய்ச் சேராமலே போகலாம். அதன் பின் வரும் வரி உத்தரவை எதிர்த்த மேல்முறையீட்டுக்கு இருப்பது 30 நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்க இடமுண்டு. ஆனாலும் மின்னஞ்சலோடு ஒரு பதிவுத் தபாலையும் துறை அனுப்பத்தான் வேண்டும்.