கடற்காவலன் 'குக்ரி'

மணப்பாட்டுக் குன்றின் மேல் நின்று கடலைக் கண்டு களித்தவர்கள் நம்முள் பலர். தூத்துக்குடித் துறைமுகத்தை நாடிச் செல்லும் சரக்குக் கப்பல்கள் அங்கிருந்து சிறு புள்ளிகளாகத் தோன்றும். அமைதிக் காலத்தில் அவை அஞ்சாமல் செல்கின்றன. போர் மூண்டால் அவற்றிற்குக் காவல் வேண்டும். அந்தக் காவலைச் செய்பவை பெரிய போர்க்கப்பல்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையில் அப்பணியின் பெரும் பங்கைச் சுமந்தவை சின்னஞ்சிறு துணைக்காவற் கப்பல்களே.

இக்கப்பல்களின் முதல் எதிரி நீர்மூழ்கி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு எதிராக இங்கிலாந்து, பூக்களின் பெயர்களைச் சூட்டி ஏராளமான சிறு காவற்கப்பல்களை மிதக்கவிட்டது. ஜப்பானும் 'கைபோகன்' என்ற சிறு கப்பல்களை அவசர அவசரமாகக் கட்டியது. ஆனால் அது விழித்துக்கொண்டது காலங்கடந்துதான். காவலின்றிச் சென்ற அதன் வணிகக் கப்பல்கள் பல அதற்குள் கடலுக்கு இரையாகிவிட்டன.

நம் இந்தியக் கடற்படையிலும் இத்தகைய சிறு கப்பல்கள் மூன்று இருந்தன. அவற்றின் கதையை நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

பெயரும் பிறப்பும்

குக்ரி, கிர்பான், குத்தார் என்பன அவற்றின் பெயர்கள். குக்ரி கூர்க்கா வீரரின் வளைந்த கத்தி. கிர்பான் சீக்கியர் அணியும் குறுவாள். குத்தார் என்றால் கோடரி. மூன்றும் பிரிட்டனில் கட்டப்பட்டவை. குக்ரி 1958-லும் மற்ற இரண்டும் 1959-லும் நம் கடற்படையில் சேர்ந்தன. இதே வகையில் பன்னிரண்டு கப்பல்களை இங்கிலாந்து தனக்காகக் கட்டிக்கொண்டது. குறைந்த செலவில் நிறையக் கப்பல்கள் வேண்டும் என்பதே இவ்வகையின் நோக்கம்.

ஆகவே எல்லாவற்றிலும் சிக்கனம். நீளம் சுமார் 94 மீட்டர், அகலம் 10 மீட்டர், எடை ஏறத்தாழ 1,180 டன். பெரிய காவற்கப்பலில் இரண்டு சுழலிகள் இருக்கும், இதில் ஒன்றே. இரட்டை மாட்டு வண்டிக்குப் பதில் ஒற்றை மாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எனினும் மணிக்குச் சுமார் 27 கடல்மைல் ஓட வல்லது. பெரிய பீரங்கி கிடையாது. 40 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் மூன்று மட்டுமே.

செவியும் கரமும்

நீருக்குள் மறைந்திருப்பதைக் கண்ணால் காண முடியாது. எனவே கப்பலுக்குச் செவி வேண்டும். 'சோனார்' என்னும் கருவி நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 4 வினாடியில் வந்தால், போக 2, வர 2. ஆகவே எதிரி 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறான் என்று பொருள்.

செவி கண்டதைத் தாக்கும் கரம், மூன்று குழல்கள் கொண்ட குண்டெறி கருவி. ஒவ்வொரு கப்பலிலும் இரண்டு இருந்தன. சோனார் கூறும் ஆழத்தில் வெடிக்குமாறு குண்டுகள் அமைக்கப்படும். ஆனால் அவை செல்லும் தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவே. எதிரி வெகு தொலைவிலிருந்தே தாக்கினால்? இக்கப்பல்களின் பெருங்குறை இங்கேதான் இருந்தது.

1971 டிசம்பர் 9

இந்திய-பாகிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தானின் 'ஹங்கோர்' என்னும் நீர்மூழ்கி நம் மேற்குக் கடலில் உலவுவது தெரியவந்தது. ஹங்கோர் என்றால் சுறா. பிரான்சில் கட்டப்பட்ட அது புதியது. அதன் செவியோ மிகக் கூரியது. அதைத் தேடிப் பிடிக்குமாறு குக்ரியும் கிர்பானும் அனுப்பப்பட்டன. இயந்திரப் பகுதியில் நேர்ந்த பழுதால் குத்தார் உடன் செல்ல இயலவில்லை.

தியூவுக்கு அப்பால் ஏறத்தாழ 40 கடல்மைல் தொலைவு. இரவு 9 மணிக்குச் சற்று முன். தேடிச் சென்றவர்களை, தேடப்பட்டதே முதலில் கண்டுகொண்டது. கிர்பானை நோக்கி வந்த முதல் நீர்க்கணை வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது.

தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா தம் உயிர்காப்பு மிதவையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார். இயன்றவரை பலரை வெளியேற்றினார். தாமோ கப்பலை விட்டு இறங்கவில்லை. அவர் உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலில் மறைந்தனர். மறுநாள் 67 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். முல்லாவுக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. சுதந்திர இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பல் குக்ரிதான்.

194 பேர் என்று எழுதிவிடுவது எளிது. 194 இல்லங்களில் கடிதத்திற்காகக் காத்திருந்த தாயரையும் மனைவியரையும் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். சிக்கனம் நல்லதே. ஆனால் ஆபத்தின் எதிரே ஒருவரை அனுப்பும்போது, அவர் கையில் கொடுக்கும் கருவியில் சிக்கனம் பார்த்தால் அதன் விலையை வேறொருவர் செலுத்த நேரும். குக்ரி நமக்குக் கற்பிக்கும் கசப்பான பாடம் இது.

மீண்டும் அதே பெயர்

கிர்பானும் குத்தாரும் பின்னர் நம் கடலோரக் காவற்படை தொடங்கப்பட்டபோது அதன் முதற் கப்பல்களுள் இடம் பெற்றன. பம்பாய் மசகான் தளத்தில் நம்மவர் கட்டிய புதிய கப்பல் ஒன்று 1989-இல் குக்ரி என்ற பெயரையே தாங்கிக் கடற்படையில் சேர்ந்தது. 32 ஆண்டுகள் உழைத்து, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதைக் காட்சியகமாக்குவதற்காகத் தியூவிடமே ஒப்படைத்தார்கள். பழைய குக்ரியின் வீரர்களுக்கு அங்குக் கடற்கரையில் நினைவுச்சின்னமும் உண்டு. ஹங்கோரும் இன்று கராச்சியில் ஒரு காட்சிப்பொருள்தான்.

நமக்கு மேற்கே விஜயநாராயணத்தில் விண்ணை முட்டி நிற்கும் கம்பங்களைப் பேருந்திலிருந்து கண்டிருப்பீர்கள். 1990-இல் தொடங்கப்பட்ட கடற்படையின் 'கட்டபொம்மன்' நிலையம் அது. நீருக்குள் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்துதான் செய்தி செல்கிறது. தேரிக்காட்டு ஊரில் வாழும் நமக்கும் ஆழ்கடலுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு உண்டு. அடுத்த முறை அக்கம்பங்களைக் காணும்போது, அலைகளுக்கு அடியில் உறங்கும் குக்ரியின் வீரர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.