சாமிக்கு வழியுண்டு, ஆசாமிக்கு?

ஆடித் தபசு வந்துவிட்டால் சங்கரன்கோவில் ரத வீதிகளிலே வண்டிகளுக்கு இடமில்லை. போலீசார் நிற்பர், பேருந்துகள் சுற்றிப் போகும். முடிகிறதல்லவா?

தபசு முடிந்த பிறகு? விசைத்தறி ஓட்டிவிட்டு வீடு திரும்பும் தோழன், திருநெல்வேலி-இராஜபாளையம் சாலையைக் கடக்க, லாரிக்கும் பஸ்சுக்கும் நடுவே ஒற்றைக்காலில் தபசு நிற்கிறான்! சாமிக்காகச் சில நாள் திறக்கும் வழி, ஆசாமிக்கு ஏன் அடைபட வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளிலே சாலையையும் சேர்த்தது. 'அது நெடுஞ்சாலைத் துறையின் பாடு' என்று 30 வார்டு உறுப்பினர்களும் கைகழுவலாமா? துறைக்குத் தீர்மானம் போட்டு அனுப்ப மை தீர்ந்துவிட்டதா? பெரியாரே ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர்தான். தெருவைக் கவனிப்பது சில்லறை வேலையன்று.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குத் தோழர்கள் தறியை நிறுத்திவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூட வாசலிலே வேகத்தடை, நடைபாதை, தெருவிளக்கு - எழுதிக் கேட்கட்டும். தலைவர் நாற்காலியிலே நம் கட்சிக்காரரே இருந்தால்? இன்னும் உரக்கக் கேட்கட்டும்!