தோப்பு நிழலில் துணைப் பயிர்

மாங்கன்று நட்டவர் பொறுமையோடு காத்திருக்க வேண்டும் என்பதை விவசாயிகள் நன்கறிவர். ஒட்டுக்கன்று நட்டு நான்கைந்து ஆண்டுகள் சென்ற பின்னரே விற்பனைக்குரிய மகசூல் கிடைக்கிறது. அதன் பின்னரும், ஓராண்டு நிறையக் காய்த்த மரம் மறு ஆண்டு ஓய்ந்து நிற்பது பல மா வகைகளின் இயல்பு. ஆனால் வீட்டுச் செலவோ ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. சிறு தோப்பையே நம்பி வாழும் குடும்பத்திற்கு இது பெருஞ்சுமையாகும். இச்சுமையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, மரங்களுக்கிடையே உள்ள நிலத்தில் உணவுப் பயிர் செய்வதாகும். எனினும், எந்த வயதுத் தோப்பில் எப்பயிர் ஏற்றது என்பதை அறியாமல் செய்தால் பயிரும் கெடும், மரமும் நலியும்.

நிழலின் அளவு

33 அடி இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 40 மாமரங்கள் அமையும். இளங்கன்றின் கிளைகள் ஒவ்வொரு பக்கமும் மூன்றடி பரவியிருக்குமாயின், 40 கன்றுகளும் சேர்ந்து மறைக்கும் நிலம் சுமார் 3 சென்ட் மட்டுமே. மீதி 97 சென்ட் வெயில் படும் நிலம். கிளைகள் 13 அடி பரவும்போது ஏறத்தாழப் பாதி நிலம் நிழலாகிறது. 16 அடிக்கு மேல் பரவினால் மரத்தோடு மரம் கூடி, தோப்பு முழுவதும் நிழல் சூழ்ந்துவிடும். ஆகவே, ஒரே தோப்பில் எல்லாக் காலத்திற்கும் ஒரே துணைப் பயிர் பொருந்தாது.

முதல் நான்கைந்து ஆண்டுகளில் நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு, கொள்ளு முதலியவற்றைப் பயிரிடலாம். பயறு வகைகள் நிலத்தின் தழைச்சத்தையும் பெருக்கும். கரும்பு, சோளம் போன்று உயர்ந்து வளர்ந்து உரத்தை மிகுதியாக உறிஞ்சும் பயிர்களைத் தவிர்க்க வேண்டும். நிழல் பாதியளவு பரவிய பின் பயறு வகைகள் தழைத்தாலும் காய்ப்புக் குறையும். அப்பொழுது சேனைக்கிழங்கு, மஞ்சள், சேப்பங்கிழங்கு ஆகியவை ஏற்றவை. இவற்றின் அகன்ற இலைகள் குறைந்த ஒளியிலும் வேலை செய்ய வல்லவை.

தோப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அறிய எளிய வழி உண்டு. நண்பகலில் மரத்தடியில் நின்று தரையைப் பார்க்க வேண்டும். வெயில் திட்டுகள் தரையில் ஏறக்குறையப் பாதியை நிரப்பினால் கிழங்குப் பயிர் செய்யலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் அவ்விடத்தில் எதுவும் நடாமல், சருகை மூடாக்காக விட்டுவிடுவதே நலம்.

மரத்தின் ஓய்வுக் காலம்

பலரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. தை, மாசி மாதங்களில் பூக்கும் மாமரத்திற்கு, அதற்கு முன் இரண்டு மூன்று மாதங்கள் தண்ணீர் பாய்ச்சாமல் ஓய்வு தர வேண்டும். அக்காலத்தில் நீர் பாய்ந்தால் மரம் பூவை விடுத்துத் தளிர் விடும். மஞ்சளுக்கோ அம்மாதங்களிலும் நீர் வேண்டும். ஆகவே, காய்க்கும் மாந்தோப்பில் மஞ்சளைப் பயிரிட்டு இறைத்துக்கொண்டிருந்தால், மஞ்சளில் வரும் பணம் மாங்காயில் போய்விடக்கூடும். அதனை இளந்தோப்பிலும், தென்னந்தோப்பிலும் வைத்துக்கொள்ளலாம்.

காய்க்கும் தோப்பிற்குச் சேனையே சிறந்தது. சித்திரை, வைகாசியில் நட்டால் முளைத்து எழுவதற்கு ஒரு மாதத்திற்கு மேலாகும். அதற்குள் மாங்காய் பறிப்பும் பெரும்பாலும் முடிந்துவிடுமாதலால் ஆட்கள் மிதித்துக் கெடுப்பது குறைவு. ஐப்பசிக்குப் பின் வடகிழக்குப் பருவமழையோடு விட்டுவிட வேண்டும். கிழங்கு சற்றுச் சிறுத்தாலும் மாம்பூவுக்குக் கேடில்லை. மார்கழி, தையில் தழை மஞ்சளித்துச் சாய்ந்ததும் கிழங்கைத் தோண்டலாம்.

நடும் முறை

விதைக்கிழங்கின் ஒவ்வொரு துண்டிலும் நடுக்குருத்தின் ஒரு பகுதி இருக்குமாறு வெட்ட வேண்டும். துண்டுகளைச் சாணக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி, மூன்றடி இடைவெளியில் குழிகளில் மக்கிய தொழு உரமிட்டு நட வேண்டும். நட்டபின் சருகால் மூடினால் ஈரம் காக்கப்படும். அடிமரத்தை ஒட்டி ஆறடிக்குள் குழி தோண்டலாகாது. வேர் அறுபட்டால் மரம் நோய்க்கு இடங்கொடுக்கும். துணைப் பயிருக்குரிய உரத்தைத் தனியாக இட வேண்டும். மரத்திற்கு இட்ட உரத்தில் பங்கு கேட்கும் பயிர் இலாபமாகாது.

மற்றோர் எச்சரிக்கை. பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்காக மருந்து தெளிக்கும் தோப்புகளில், மரத்தடியில் கீரை பயிரிடுதல் கூடாது. மருந்து இலைகளில் படிந்து, உண்பவர்க்குத் தீங்கு செய்யும். மருந்து தெளிக்காத வீட்டுக் கொல்லை மரங்களின் அடியில் பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி முதலியவற்றைத் தாராளமாக வளர்க்கலாம்.

ஊராட்சியின் கடமை

மா மகசூலைப் பூக்கும் தருணத்திலேயே வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஊராட்சிக்குச் சொந்தமான மரங்களின் மகசூலும் ஏலம் விடப்படுகிறது. மரத்தடி நிலம் யாருக்கு என்பது குறிக்கப்படாவிடில், மருந்து தெளிப்பின் போதும் காய் பறிப்பின் போதும் பிணக்கு எழும். ஆதலால், தனியார் குத்தகையாயினும் ஊராட்சி ஏலமாயினும், நிலத்தில் பயிர் செய்யும் உரிமை யாருடையது, தெளிக்கும் நாளை யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற இரு விவரங்களையும் எழுத்தில் சேர்த்துவிடுதல் நன்று.

ஊராட்சித் தோப்புகளின் அடிநிலத்தை நிலமற்ற மகளிரின் சுய உதவிக் குழுக்களுக்கு விடுவது பற்றியும் உறுப்பினர்கள் ஆலோசிக்கலாம். மே முதல் நாளன்று கூடும் கிராம சபை, சேனை நடவுக் காலத்திலேயே அமைவதால், அதற்கு முன்னரே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநரை அணுகி, ஊர் மண்ணுக்கும் நீர்வசதிக்கும் ஏற்ற பயிர் எது எனக் கேட்டறிந்து சபையில் வைப்பது பயன் தரும். முதலாண்டில் முழுத் தோப்பிலும் இறங்காமல், நாலைந்து மரங்களின் இடைவெளியில் நட்டுப் பார்த்து, மரத்தின் காய்ப்பையும் கிழங்கின் எடையையும் குறித்து வைத்து, மறு ஆண்டு விரிவாக்குவதே விவேகமாகும்.