பேட்டரி நக்கிய கன்றுக்கு வைட்டமின் ஊசி போதாது

கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு, வாயில் நுரை தள்ள, பல்லை நறநறவென்று கடித்தபடி ஒரு கன்று கால்நடை மருத்துவமனைக்கு வருகிறது. "நாலு நாளா இப்படித்தான் சார். மெடிக்கல்ல சத்து ஊசி வாங்கிப் போட்டோம், டானிக் ஊத்தினோம், கேக்கல" என்கிறார்கள். விசாரித்தால் தொழுவத்து மூலையில் உடைந்த பேட்டரி கிடக்கும். ஈயத் தகட்டைக் கன்று நக்கியிருக்கும். முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்ற வழி இருந்திருக்கும். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் இப்படித் தாமதமாக வருவதுதான் வழக்கமாகிவிட்டது.

வைட்டமின் செய்வதும் செய்யாததும்

ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் உடம்பில் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம் கட்டுமீறி, ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பழுதாகின்றன. வைட்டமின் ஈ, சி இரண்டும் அந்தச் சேதத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எலிகளில் செய்தவை. நஞ்சுக்கு முன்போ நஞ்சோடு சேர்த்தோ வைட்டமின் கொடுத்துப் பார்த்தவைதான் அதிகம். நம் மாடு நஞ்சை எப்போதோ விழுங்கிவிட்டது. உடம்பில் சேர்ந்துவிட்ட ஈயத்தை எந்த வைட்டமினும் வெளியே தள்ளாது. அதற்கு ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் மருந்து இருக்கிறது. அதோடு வைட்டமின் பி1 ஊசியும் போடுகிறோம். மூளைக் கோளாறு தணிய அது உதவுகிறது. வைட்டமின் ஈ துணைக்கு வரலாம். தனியாக நின்று காப்பாற்றாது.

கைவைத்தியத்தில் போகும் உயிர்

"எலுமிச்சம்பழத்துல வைட்டமின் சி இருக்கே" என்று சாறு பிழிந்து ஊற்றுகிறார்கள். மாடும் ஆடும் தமக்கு வேண்டிய வைட்டமின் சியை ஈரலிலேயே தயாரித்துக்கொள்பவை. வாய்வழி கொடுப்பதில் பெரும்பங்கை அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளே அழித்துவிடும்.

விஷம் முறிய என்று மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுவது இன்னும் கொடுமை. வலிப்பு வரும் மாட்டால் ஒழுங்காக விழுங்க முடியாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய், ஈயத்திலிருந்து தப்பிய மாடும் நிமோனியாவில் சாகிறது. சூடு போடுவதைப் பற்றி என்ன சொல்ல? வலியில் துடிக்கும் உயிருக்கு இன்னொரு புண்; அவ்வளவுதான் பலன்.

கண் தெரியவில்லை என்றதும் வைட்டமின் ஏ ஊசி போடுகிறவர்களும் உண்டு. ஈய நஞ்சில் பழுதாவது மூளை. டார்ச் அடித்தால் கண்பாவை சுருங்கும், ஆனால் மாட்டுக்குப் பார்வை இருக்காது. வைட்டமின் ஏ குறைவில் வரும் குருட்டுத்தனம் வேறு. அதில் கண்பாவை விரிந்தே கிடக்கும். இதைப் பார்த்துப் பிரிக்கத்தான் மருத்துவர் இருக்கிறார்.

"வைட்டமின்தானே சார், கெடுதலா பண்ணும்?" பண்ணும். வைட்டமின் ஈ ஊசி பலவற்றில் செலினியம் கலந்திருக்கிறது. அது அளவு கூடினால் ஆட்டுக்குட்டி செத்துப்போகவும் கூடும். அளவு தெரியாமல் ஊசியைத் தொடாதீர்கள்.

நுரை தள்ளும் மாட்டின் வாய்க்குள் கை விடவும் வேண்டாம். வெறிநோயும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும்.

பரிசோதனை

ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம். இறந்துவிட்டால் ஈரலும் சிறுநீரகமும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

குடகனாற்றுப் பக்கம்

தோல் தொழிற்சாலைக் கழிவால் திண்டுக்கல்லின் குடகனாற்றுப் பக்கத்துக் கிணறுகள் கெட்டது ஊரறிந்த கதை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்தக் கழிவு குறித்த வேலூர் வழக்கில் அளித்த தீர்ப்பில், பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் நம் மாவட்டமும் இருந்தது. தோல் பதனிடக் குரோமிய உப்பு பயன்படுகிறது. நஞ்சு மிகுந்த ஆறிணைதிறன் குரோமியத்தை வைட்டமின் சி தீங்கு குறைந்த வடிவமாக மாற்றும் என்பது வேதியியல் உண்மை. அதை நம்பித் தினமும் கழிவுநீர் குடிக்கும் மாட்டுக்கு டானிக் கொடுப்பது வீண். அந்தத் தண்ணீரில் கூடிக்கிடக்கும் உப்புக்கு எந்த வைட்டமினும் மருந்தில்லை.

தயவுசெய்து

பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, பேட்டரி சாம்பல் இவற்றைத் தொழுவத்தில் போடாதீர்கள். கன்றுகள் எதையும் நக்கும். கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் தண்ணீர் காட்டாதீர்கள், அந்த வரப்புப் புல்லை அறுக்காதீர்கள். வெயிலில் காய்ந்த வைக்கோலில் வைட்டமின் ஈ அநேகமாக இருக்காது. நல்ல கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த அகத்தியோ வேலிமசாலோ தினமும் கொஞ்சம் போடுங்கள். பாதிக்கப்பட்ட மாட்டின் பாலிலும் ஈயம் இறங்கும். மருத்துவர் சொல்லும்வரை அதை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், பால் சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். மாடு பல்லைக் கடித்தாலோ, சுவரில் தலையை முட்டி நின்றாலோ மெடிக்கலுக்கு ஓடாமல் கால்நடை உதவி எண் 1962க்குப் போன் செய்யுங்கள். அன்றைக்கே செய்யுங்கள்.