நிரலும் அதன் சூழலும்

ஒரே மேடையில் வளர்ந்த மிளகாய் நாற்றை வலிகாமத்துச் செம்மண்ணிலும் வடமராட்சி கிழக்கின் மணலிலும் நட்டால் விளைவு ஒன்றாயிராது. நாற்றின் தரத்தைச் சோதிக்க விரும்புவோர் மண்ணையும் நீரையும் ஒரு தன்மையவாக வைத்தே சோதித்தல் வேண்டும். கணினி நிரலின் நிலையும் இதுவே.

நிரல் பிழையின்றி இயங்குகின்றதா என்று அறிவதற்குச் சிறு சோதனைகளும் எழுதிவைக்கப்படுகின்றன. சில வேளைகளில் ஒரு சோதனை கொழும்பிலுள்ள கணினியில் தோல்வியுறும். அதே சோதனை யாழ்ப்பாணத்தில் வெற்றி பெறும். நிரலில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை. அங்ஙனமாயின் மாறியது யாது? பல சமயங்களில் சூழல் மாறிகளே.

சூழல் மாறிகளாவன, நிரல் தொடங்கும்போது இயக்குதளம் அதனிடம் ஒப்படைக்கும் குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் உண்டு. எம்மொழி வழக்கைப் பின்பற்றுவது, எவ்வூர் நேரத்தைக் கொள்வது, துணை நிரல்களை எங்கே தேடுவது என்பவற்றை அவை தெரிவிக்கும். நிரலுக்குப் புறத்தே இருப்பதால், நிரலைப் படிப்பவர் கண்ணுக்கு அவை புலப்படா.

ஓர் உதாரணம் காண்போம். பலா, பழம், பனை என்பது அகராதி வரிசை; றன்னகரம் நம் நெடுங்கணக்கின் ஈற்றில் நிற்பது. யூனிகோடு குறியீட்டிலோ அது தந்நகரத்தை அடுத்து நிற்கின்றது. 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டு ஒழுங்கைத் தழுவியமையே இதற்குக் காரணம். லினக்ஸ் இயக்குதளத்தில் 'எல்சி ஆல்' என்னும் மாறிக்குச் 'சி' என்ற மதிப்பு இருப்பின், வெறுங் குறியீட்டெண் வரிசையே கொள்ளப்படும், பனை முந்திக்கொள்ளும். தமிழுக்குரிய மதிப்பு இருப்பின் பனை தன் இடத்திலே நிற்கும்.

நேரம் இதனினும் நுட்பமானது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு இலங்கை அரசு 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே வைத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே மீண்டது. விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படவில்லை. இன்று இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. ஆயினும் 2000ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரில் நள்ளிரவு 12.15க்குப் பிறந்த குழந்தையின் நேரத்தை, இந்திய நேரம் குறிக்கப்பட்ட கணினி முதல்நாள் இரவு 11.45 எனக் காட்டும். ஒரு மாறியினால் ஒருவரின் பிறந்த தேதியே பிறழ்ந்துவிடும்.

ஆகவே, தோல்வியுற்ற சோதனையை மீள இயக்குமுன் தோல்வி நிகழ்ந்த கணினியின் சூழலைப் பதிவுசெய்தல் வேண்டும். 'என்வ்' என்னுங் கட்டளை மாறிகள் யாவற்றையும் வரிசையாகத் தரும். அவற்றுள் கடவுச்சொற்களும் மறைந்திருத்தல் கூடுமாதலால், அவற்றை நீக்கிய பின்னரே பட்டியலைப் பிறருக்கு அனுப்புதல் நன்று. அடுத்து, தம் கணினியில் வெறுஞ் சூழலொன்றைத் தொடங்கி, பட்டியலிலுள்ள மதிப்புகளை மாத்திரம் இடுதல் வேண்டும். தோல்வி மீண்டுந் தோன்றினால், ஒவ்வொரு மாறியாக மாற்றிப் பார்க்கக் காரணம் வெளிப்படும். தோன்றாவிடின், இயக்குதளத்தின் பதிப்பு, துணை நிரல்களின் பதிப்பு ஆகியவற்றை ஒப்பிடுதல் தகும். பைத்தான் மொழியில் வழங்கும் 'டாக்ஸ்' என்னுங் கருவி, குறித்த சில மாறிகளை மாத்திரமே சோதனைக்குள் அனுமதிப்பது இந்நோக்கத்தினாலேயே.

இங்கே ஓர் எச்சரிக்கை. சூழலை மாற்றியதும் சோதனை வெற்றி பெறுமாயின், பிழை தீர்ந்ததென எண்ணலாகாது. தமிழ் வரிசையும் கொழும்பு நேரமும் தேவையான நிரல், அவற்றைத் தானே வெளிப்படையாகக் கூறிக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் எழுதப்படும் நிரல் கடல் கடந்த கணினிகளில் இயங்கும் இக்காலத்தில், அந்தக் கணினியின் சூழல் எத்தகையது என்பதை எழுதியவர் முன்கூட்டி அறிதல் அரிது.